கப்பல் அடுப்பில் வெந்த பாண்

விறகடுப்பு என்றால் ஊதுகுழலும் கண்ணெரிவும் கரிப்பானையும்தான் என்று நினைக்கிறவர்கள் ஒருநாள் பின்னேரம் எங்கள் வளவுக்கு வரவேண்டும். கிணற்றடிக்கும் மதிலுக்கும் நடுவில், கொங்கிறீட் மேடையில் அது நிற்கிறது. நாலு கால், இரண்டு கதவு, மேலே மூன்று வட்ட மூடி, முதுகில் நிமிர்ந்த புகைக்குழாய். நாலு பேர் பிடித்தாலும் லேசில் அசையாத கறுத்த வார்ப்பிரும்பு. உள்ளே மூன்று கொள்ளி வேப்பம் விறகு எரிந்தால் போதும்: ஒரு மூடியில் மீன்குழம்பு கொதிக்கும், அடுத்ததில் தேத்தண்ணிக்குக் கேத்தல் சீறும், போறணைக்குள் பாண் பொங்கி எழும்பும். எல்லாம் ஒரே நெருப்பில், ஒரே நேரத்தில்! புகையா? அது தலைக்கு மேலே குழாய் வாயால் போய்க் கடற்காற்றில் கலந்துவிடும். எழுதிக்கொண்டிருக்கும்போதே எனக்குப் பசிக்கிறது.

திருகோணமலையில் இப்படியொரு சாமான் அகப்படுவதில் அதிசயம் இல்லை. 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து கோட்டையைப் பிடித்த வெள்ளைக்காரர், 1957 ஒக்டோபரில் கடற்படைத் தளத்தைக் கையளிக்கும்வரை இந்தத் துறைமுகத்தைக் கைநழுவ விடவில்லை. டொக்யார்ட், அதிகாரிமாரின் பங்களாக்கள், மாலுமிகளின் விடுதிகள், வந்து போன கப்பல்கள் என்று இத்தனைக்கும் சமைக்க அடுப்பு வேண்டாமா? போகும்போது பாரமானதை எல்லாம் தூக்கிக்கொண்டு யார் போவார்கள்? சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் இன்றும் வரிசையாக நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பான் விமானங்கள் போட்ட குண்டில் தீப்பிடித்த 'சாகெய்ங்' என்ற கப்பல் முக்கால் நூற்றாண்டு துறைமுகத்து அடியில் கிடந்தது. 2018இல் நமது கடற்படை அதை மறுபடி மிதக்கவைத்துக் காட்டியது. இந்த ஊரில் இரும்பு லேசில் சாகாது.

என்னுடைய அடுப்பும் கப்பலில் இருந்து இறங்கியதுதான். அதற்குச் சாட்சி அதன் உடம்பிலேயே இருக்கிறது. மேற்தட்டைச் சுற்றி நாலு விரற்கடை உயரத்தில் ஒரு இரும்பு வேலி. கடல் ஆடும்போது சட்டி சறுக்கி விழாமலிருக்க. நாலு பாதத்திலும் ஆணித் துளை. தளத்தோடு சேர்த்து முறுக்கிவிட. வீட்டு அடுப்புக்கு இந்த இரண்டும் தேவையே இல்லை. கதவில் வார்த்த எழுத்துகளில் பாதிக்கு மேல் உப்பு தின்றுவிட்டது. மிஞ்சியதில் ஃபால்கர்க் என்ற ஊர்ப்பெயரை விரலால் தடவிப் படிக்கலாம். ஸ்கொட்லாந்தில் வார்ப்பிரும்புக்கென்றே பேர்போன ஊர் அது. அதற்குப் பக்கத்தில் 1759இல் தொடங்கிய கரன் வார்ப்பாலை, கப்பல்களுக்குக் குட்டைப் பீரங்கியும் வார்த்தது, வீடுகளுக்கு அடுப்பும் வார்த்தது. அந்தப் பீரங்கிக்கே 'கரனேட்' என்று ஆலையின் பெயர் ஒட்டிக்கொண்டது. குண்டு துப்பவும் குழம்பு வைக்கவும் ஒரே மணல் அச்சு, ஒரே உலை.

எடுத்தது நகரத்து விளிம்பில் ஒரு பழைய இரும்புக் கடையில். சைக்கிள் சட்டங்களுக்கும் லொறி ரிம்களுக்கும் அடியில் தலைகீழாகக் கிடந்தது. கடைக்காரர் கிண்ணியாப் பக்கத்து ஆள், வெள்ளைத் தொப்பி, சிரித்த முகம்.

“நானா, இது என்ன விலை?”

“விலை என்ன சேர், எல்லாம் கிலோக் கணக்குத்தான். வாற கிழமை லொறி வரும், கொழும்புக்குப் போய் உருகிடும். இதை வைச்சு என்ன செய்யப் போறீங்க?”

“சமைக்கப் போறன்.”

அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, “அப்ப மூடி தூக்கிற கொக்கியும் இருக்கு, தேடித் தாறன், அதுக்குக் காசு வேணாம்” என்றார். தங்கமான மனுசன்! அந்தக் கொக்கி இல்லாவிட்டால் சூடான மூடியைத் திறக்க நான் குறட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்திருப்பேன்.

வாங்குவதற்கு முன் செய்யவேண்டிய ஒரு வேலை உண்டு. சிறு சுத்தியலால் ஒவ்வொரு பக்கமும் மெல்லத் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல வார்ப்பு கணீரென்று ஒலிக்கும். வெடிப்பு இருந்தால் சத்தம் மொத்தென்று அடங்கிவிடும். வார்ப்பிரும்பில் 2 முதல் 4 வீதம்வரை கரி இருக்கிறது. அதனால் அது ஏறக்குறைய 1,200 பாகை செல்சியஸிலேயே உருகி அச்சுக்குள் தண்ணீராய் ஓடும். பூவேலையும் எழுத்தும் அவ்வளவு கூர்மையாய் விழுவதும் அதனால்தான். ஆனால் அதே கரிதான் அதை வளையத் தெரியாத பொருளாகவும் ஆக்கிவிடுகிறது. உருக்கு வளையும், வார்ப்பிரும்பு உடையும். கம்பி கொண்டு சாதாரணமாக வெல்டிங் பிடித்தால் ஒட்டின இடத்துக்குப் பக்கத்திலேயே புதிதாக வெடிக்கும். முழுத்துண்டையும் முன்கூட்டிச் சூடாக்கி, நிக்கல் கம்பியாலோ பித்தளையாலோ ஒட்டத் தெரிந்த ஆள் வேண்டும். என் அடுப்பில் உடைந்திருந்தது சாம்பல் தட்டுக்கு மேலே விறகு கிடக்கும் கிராதி ஒன்றுதான். அதை ஒட்டவே இல்லை. கம்மாலையில் தடித்த உருக்குக் கம்பிகளை வெட்டி, அளவுக்குப் புதுக் கிராதி செய்துகொண்டேன். நெருப்பு நேராகத் தின்னும் பாகம் அது. எப்படியும் சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றத்தான் வேண்டும்.

கறளைப் பற்றி நான் ஒரு புத்தகமே எழுதுவேன். கடற்கரை ஊரில் இரும்பு வைத்திருக்கிறவனுக்கு அது ஒரு வாழ்நாள் உறவு. கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்துச் செம்பொடி பறக்கவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்போம். உப்பு போயிருக்காது. கறளின் சிறு துவாரங்களுக்குள் ஒளிந்திருந்து, மேலே என்ன பூசினாலும் உள்ளேயிருந்து மறுபடி அரிக்கத் தொடங்கும். அதனால் தேய்ப்பதைவிடக் கழுவுவது முக்கியம். கிணற்றுத் தண்ணீரால் திரும்பத் திரும்பக் கழுவி, ஒவ்வொரு முறையும் உச்சி வெயிலில் காயவைத்து, மறுபடி தேய்த்து, மறுபடி கழுவி… மூடி, கொக்கி, கதவுக் கைபிடி மாதிரிச் சின்னச் சாமான்களைத் தென்னை வினாகிரியில் ஓர் இரவு ஊறப்போட்டால் காலையில் கறள் சேறாய்க் கரைந்து நிற்கும். எடுத்த கையோடு கழுவித் துடைத்துக் காயவைக்காவிட்டால் பத்து நிமிடத்தில் புதுக்கறள் மஞ்சளாய்ப் படரும். இதெல்லாம் செய்யும்போது பக்கத்து வீட்டார் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். பார்க்கட்டும்.

பழைய பெயின்ற் இருந்தால் மட்டும் கவனம். பழங்காலக் கப்பல் பெயின்ற்றில் ஈயம் இருக்கும். உலர்ந்தபடி தேய்த்துத் தூசு கிளப்பக் கூடாது, ஈரமாக்கி வழிக்க வேண்டும். கதவு விளிம்பில் பழைய வெள்ளைக் கயிறு கண்டால் அது அஸ்பெஸ்டோஸாக இருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். முகமூடி போட்டு, நனைத்து, கிளறாமல் எடுத்துக் கட்டி அப்புறப்படுத்திவிட்டு, கண்ணாடி நார்க் கயிறு வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது எண்ணெய். இங்கேதான் எனக்கும் ஊருக்கும் சண்டை. எல்லாரும் தேங்காய் எண்ணெய் பூசு என்பார்கள். தேங்காய் எண்ணெய் நமது உயிர், ஒத்துக்கொள்கிறேன். இரும்பில் மட்டும் அது உதவாது. எவ்வளவு சூடாக்கினாலும் அது காய்ந்து தோலாக இறுகாது, பிசுபிசுத்தபடியே கிடந்து தூசியைப் பிடிக்கும். நல்லெண்ணெய் அப்படியல்ல. பழந்துணியால் மிக மெல்லியதாகத் தடவி, மிஞ்சினதைத் துடைத்தெடுத்துவிட்டுச் சிறு நெருப்பு மூட்டினால், எண்ணெய் புகைந்து அடங்கி, இரும்போடு ஒன்றாகிக் கறுத்துப் பளபளக்கும். ஆளிவிதை எண்ணெய் இன்னும் திறம், ஆனால் என் வீட்டுக் குசினியில் இருப்பது நல்லெண்ணெய். தடவிச் சூடாக்கி, தடவிச் சூடாக்கி, அந்தக் கறுப்பு படிப்படியாக ஏறி வருவதைப் பார்ப்பது இருக்கிறதே, அடடா! எரியும் பெட்டியின் வெளிப்பக்கத்தில் எந்த எண்ணெயும் நிற்காது. அங்கே மட்டும் சூடு தாங்கும் கறுப்புப் பூச்சு.

புகைக்குழாய்தான் இந்த அடுப்பின் மூச்சு. குழாயில்லாமல் வைத்தால் இதைவிடக் கேவலமான அடுப்பு உலகத்தில் இல்லை. சூடான புகை லேசானது, மேலே போகும். போகும்போது கீழே கதவு வழியாகப் புதுக்காற்றை இழுக்கும். குழாய் எவ்வளவு உயரமோ இழுவை அவ்வளவு நன்று. எனக்கு ஆறு அங்குல விட்டமும் பத்தடி உயரமும் சரியாக வந்தது. வாய் பக்கத்துக் கூரை முகட்டுக்கு மேலே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் கூரையில் மோதித் திரும்புகிற காற்று புகையைக் குழாய்க்குள்ளேயே திணித்துவிடும். மலிவாகக் கிடைக்கிறதென்று நாகம் பூசிய தண்ணீர்க் குழாயைப் பொருத்தாதீர்கள். நாகம் 419 பாகையில் உருகத் தொடங்கும். அதன் புகையை மூச்செடுத்தால் காய்ச்சல் பிடிக்கும் என்பது எந்த வெல்டிங்காரனுக்கும் தெரியும். பூச்சில்லாத உருக்குக் குழாய் வாங்கி, நுனியில் மழைக்கு ஒரு தொப்பி போட்டாயிற்று.

திசையும் முக்கியம். எங்கள் ஊருக்கு வருடத்தில் இரண்டு காற்று. வைகாசி தொடங்கிக் கச்சான், தரைப்பக்கத்திலிருந்து அனலாய் அடிக்கும். கார்த்திகை, மார்கழியில் வாடை, மழையையும் கூட்டிக்கொண்டு கடலில் இருந்து வரும். எரிகதவு இந்த இரண்டுக்கும் நேரே முகம் கொடுக்கக் கூடாது. மதிலைக் காவல் வைத்து நான் அதைத் தெற்கே பார்க்க நிறுத்தியிருக்கிறேன். கச்சான் காலத்தில் கிடுகு வேலியும் காய்ந்த சருகும் ஒரு பொறிக்குக் காத்திருக்கும் என்பதால் சுற்றிவர மணல் பரப்பி, ஒரு வாளித் தண்ணீரும் வைத்துக்கொள்வேன். அந்தத் தண்ணீர் வேலிக்கு; அடுப்புக்கு அல்ல! சூடான வார்ப்பிரும்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் துப்பாக்கிச் சத்தத்தோடு பிளக்கும். முதல் சில முறை நெருப்பும் சின்னதாகவே இருக்க வேண்டும். வருடக்கணக்காகக் குளிர்ந்து கிடந்த இரும்பை அவசரப்படுத்தினால் அது மன்னிக்காது.

விறகு? வேம்பும் புளியும் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கையில் வேறு தேடத் தேவையில்லை. வேலிக் கிளிசரியாவை வெட்டிப் பிளந்து ஒரு கோடை முழுக்கக் காயவைத்தால் அதுவும் அருமையாக எரியும். பச்சை விறகின் பாரத்தில் பாதியளவு தண்ணீர்தான். அதை எரித்தால் நெருப்பின் பலமெல்லாம் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே போய், குழாய்க்குள் தார் மாதிரிப் படியும். சிரட்டை போட்டால் சட்டென்று அனல் ஏறும், பாண் வைப்பதற்குச் சற்று முன் இரண்டு கைபிடி போடுவேன். களப்புக் கரையில் நிற்கும் தில்லை மரத்தைத் தொடவே வேண்டாம், அதன் பால் கண்ணைக் குருடாக்கும், புகையும் கண்ணுக்கு ஆகாது. அலரிக் கொப்பும் அப்படித்தான், நஞ்சு. கடற்கரையில் ஒதுங்கின கட்டைகள் அழகாய்க் காய்ந்து கிடக்கும், ஆசை வரும். அதில் ஊறின உப்பு அடுப்பையும் அரிக்கும், புகையையும் நஞ்சாக்கும்.

இனிச் சாப்பாடு. இதற்காகத்தானே இத்தனை பாடும்.

இந்த அடுப்பின் மாயம் முழுவதும் அதன் போறணையில் இருக்கிறது. புகைப்பாதையில் ஒரு சின்னத் தகடு. அதைத் திறந்தால் சூடு நேராகக் குழாய்க்குள் போகும். மூடினால் போறணையின் மேலாலும் பக்கத்தாலும் அடியாலும் சுற்றிவந்த பிறகுதான் வெளியேறும். நெருப்பும் புகையும் உள்ளே எட்டிப் பார்ப்பதே இல்லை. விறகடுப்புப் பாண் என்றதும் புகை மணக்கும் என்று எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள், பிறகு ஒரு துண்டு வாயில் வைத்ததும் ஏமாற்றத்தை மறந்துபோவார்கள். தகரத்தில் ஒரு சிட்டிகை மா தூவி உள்ளே வைத்துப் பாருங்கள். உடனே கருகினால் சூடு கூட, கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். மெல்ல மெல்லப் பொன்னிறமானால் பாணை வைக்கலாம். எரிபெட்டிப் பக்கம் எப்போதும் சூடு அதிகம் என்பதால் பாதியில் தகரத்தைத் திருப்பி வைக்க வேண்டும். அவ்வளவுதான் வித்தை. கடைப் பாணுக்கு இல்லாத அந்தத் தடித்த மொறுமொறுத்த மேல்தோல்! சூட்டோடு பிய்த்து, கட்டைச் சம்பலும் மீன்சொதியும் தொட்டுக்கொண்டு… வேண்டாம், விடுங்கள்.

பாரை மீனை உப்பும் மிளகும் தேசிக்காய்ப் புளியும் பூசி, வாழையிலையில் சுற்றிப் போறணைக்குள் தள்ளிவிட்டு மறந்துவிடலாம். கத்தரிக்காயையும் மரவள்ளிக்கிழங்கையும் சாம்பல் தட்டில் புதைத்துவிடலாம், அந்தச் சூடும் வீணாகாது. இரவு நெருப்பு அணைந்த பிறகும் இந்த இரும்பு லேசில் குளிராது. எங்கள் ஒழுங்கையில் ஒரு பறங்கி அன்ரி இருக்கிறார். லவ் கேக்குக்கு ஏறுகிற சூடு ஆகாது, இறங்குகிற சூடுதான் வேண்டும் என்பது அவருடைய சட்டம். பாண் எல்லாம் எடுத்து முடிந்த பின்னேரத்தில் ரவையும் கஜுவும் முட்டை மஞ்சளும் குழைத்த தட்டோடு வந்து, “பிள்ளை, இப்ப வைக்கலாமா?” என்று கேட்பார். வெளியே எடுக்கும்போது மேலே பொன் தோல், உள்ளே ஈரம். மின்சாரப் போறணையில் எத்தனை பொத்தான் இருந்தாலும் இது வராது என்று அவரே சொல்லிவிட்டார். அதற்குமேல் எனக்கு யாருடைய சான்றிதழும் தேவையில்லை. மணம் பிடித்து மதிலடிக்கு மான்களும் வந்துவிடும். புள்ளிமான் தெருவில் திரிகிற ஊர் இது, வெளியூர்க்காரர் சொன்னால் நம்பமாட்டார்கள். கேற்றைப் பூட்டாவிட்டால் கேக்குக்கு ஆபத்து.

ஒரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். அவசரத் தேத்தண்ணிக்கு இது தோதில்லை. இரும்பு சூடாகவே அரை மணித்தியாலம் ஆகும். காலை வேளைக்கு எங்கள் வீட்டிலும் களிமண் அனகி அடுப்புத்தான், ஒற்றை நெருப்பில் இரண்டு சட்டி வைக்கலாம், மலிவு, சிக்கனம், குறை சொல்ல ஒன்றுமில்லை. கப்பல் அடுப்பு ஆறுதலான வேலைக்கு, பல பேர் சாப்பிடுகிற நாளுக்கு.

அப்படியான நாட்கள் 2022இல் வரிசையாக வந்தன. அந்த ஏப்ரலில் 12.5 கிலோ கேஸ் சிலிண்டரின் விலை 4,860 ரூபாய்க்கு ஏறியது. கொடுக்கக் காசு வைத்திருந்தவருக்கும் சிலிண்டர் கிடைக்கவில்லை. மண்ணெண்ணெய்க்கும் வரிசை, பாணுக்கும் வரிசை. அதுவரை என் அடுப்பை ‘அந்த இரும்புப் பைத்தியம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சட்டியும் கையுமாக வந்தார்கள். ஒருவர் விறகு கொண்டுவருவார், ஒருவர் மா, ஒருவர் கடலில் பிடித்த சூரை. தமிழும் சிங்களமும் ஒரே நேரத்தில் அந்த மேடையைச் சுற்றிக் கேட்கும். மனைவி ஒருநாள் என்னிடம், “இஞ்ச பாருங்கோ, நீங்கள் அடுப்பு வாங்கேல்லை, ஊருக்குக் குசினி வாங்கியிருக்கிறியள்” என்றார். அதில் பாதி பெருமை, பாதி பாத்திரம் கழுவின களைப்பு.

பென்ஜமின் ஃப்ராங்க்ளின் 1740களில் இரும்புப் பெட்டிக்குள் நெருப்பை அடைக்கிற தன்னுடைய அடுப்பைச் செய்தபோது, காப்புரிமை தருகிறோம் என்று ஆளுநரே சொல்லியும் வேண்டாம் என்றுவிட்டாராம். அந்த மனுசனை எனக்கு மிகவும் பிடிக்கும்.

பிடிக்காத ஆட்களும் உண்டு. இப்படியான அடுப்புகளைத் தங்க நிறம் அடித்து, மூடித் துவாரங்களில் போகன்விலாவை நட்டு வாசலில் நிறுத்துகிற ஹோட்டல்காரர்கள். பார்க்கும்போது வயிறு எரிகிறது. மண்ணும் தண்ணீரும் உள்ளே நின்று இரண்டு மழைக்காலத்தில் அடித்தட்டைத் தின்றுவிடும். எரிகிற அடுப்பு கறள் பிடிப்பது குறைவு, காய்ந்தபடியே இருப்பதால். வாடை தொடங்கும் முன் நான் சாம்பலை ஒட்ட வழித்தெடுத்துவிடுவேன், ஏனென்றால் சாம்பல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பிறகு நல்லெண்ணெய் ஒரு கை, குழாய் வாய்க்கு மூடி, மேலே தகரப் பந்தல். மழை விட்ட நாட்களில் சும்மாவேனும் ஒரு சிறு நெருப்பு. வழித்த சாம்பல் முருங்கைக்கும் வாழைக்கும் போகிறது.

பழைய இரும்புக் கடைகளைத் தாண்டும்போது சைக்கிளை நிறுத்துங்கள். குவியலுக்கு அடியில் பாருங்கள். பாரமானது எப்போதும் அடியில்தான் கிடக்கும். வட்ட மூடி தெரிந்தால் சுத்தியலால் தட்டுங்கள், கணீரென்றால் பேரம் பேசாமல் வாங்குங்கள். கொக்கியைக் கேட்க மறக்காதீர்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று மட்டும் வீட்டுக்குப் போய்விடாதீர்கள். அன்ரிக்கு இன்னொரு போறணை வேண்டுமாம், நானும் தேடிக்கொண்டுதான் திரிகிறேன்.